கூறைச் சேலையில் பதினான்கு படங்கள்

கனடா விசா அலுவலகத்து வெள்ளைக்காரப் பெண் பதினான்கு படங்களையும் சீட்டு விரிப்பதுபோல மேசையில் வரிசையாக விரித்தாள்.

பத்மாவதிக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பதினான்கிலும் அவள்தான். பதினான்கிலும் அதே கூறைச் சேலை, அதே அட்டியல், பின்னால் குளமும் இரண்டு அன்னங்களும் வரைந்த அதே திரை. பதினான்கிலும் கன்னம் வழவழவென்று இருந்தது. கழுத்தில் ஒரு கோடு இல்லை. இப்படி ஒருத்தியைப் புருஷனிடமிருந்து பிரித்து வைக்க எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது என்று அவள் நினைத்தாள்.

அந்தப் பெண் ஒரு படத்தை எடுத்தாள். பத்மாவதியைப் பார்த்தாள். இன்னொரு படத்தை எடுத்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தில்லைநாதனிடம் ஏதோ சொன்னாள். தில்லைநாதன் கழுத்துப்பட்டி கட்டிய, யாருக்கும் நோகாமல் பேசுகிற மனிதர்.

"அம்மா, இந்தப் படங்கள் எல்லாம் ஒரே நாளிலை எடுத்ததோ எண்டு கேக்கிறா."

"ஒரே நாளோ? இது எண்பத்துநாலு. இது போன வருஷம். பின்பக்கத்திலை திகதி கிடக்குதே."

"திகதியை ஆரும் எழுதலாமாம்."

"சேலை ஒண்டெண்டபடியாலோ? அது என்ர கூறை. கலியாண நாளுக்கு அதைத்தான் உடுத்துப் படம் எடுக்கிறது."

"சேலையை விடுங்கோ. முகமும் ஒண்டாய்க் கிடக்காம்." தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். "படத்திலை இருக்கிறது உங்கட மகளோ எண்டும் கேக்கிறா."

"மகள் வெளியிலை வாங்கிலை இருக்கிறா. அவ தேப்பனைப்போலை. இவ்வளவு வடிவில்லை."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தில்லைநாதன் சற்று யோசித்தார். கடைசியில் "நோ" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளைக்காரப் பெண் கோபப்படவில்லை. விஷயத்தை நிதானமாக விளக்கினாள். பதினான்கு வருஷம் பிரிந்திருந்த கணவன் மனைவி இவர்கள். உறவு விட்டுப்போகவில்லை என்பதற்குச் சாட்சி இந்தப் படங்கள்தான். ஆனால் இதில் தெரிவது பதினான்கு வருஷம் இல்லை, ஒரு பின்னேரம். உண்மையான படங்கள் இருந்தால் மூன்று வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். புதிதாக எடுத்த படம் ஒன்றும் வேண்டும். அவற்றை அலுவலகமே ரொறன்ரோவுக்கு அனுப்பும். படத்தில் இருப்பவர் யார் என்று அங்கே இருக்கும் கணவர் நாகேந்திரம் ஒவ்வொன்றின் பின்னாலும் தன் கைப்பட எழுதி, நேரே இங்கு திருப்பி அனுப்ப வேண்டும். முடிவு அதற்குப் பிறகுதான்.

"என்ர மனிசனுக்கு இந்த முகத்தை அனுப்பப்போறியளோ?" என்று பத்மாவதி கேட்டாள்.

தில்லைநாதன் இதை மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் கௌரி தாயை ஒரு பாட்டம் ஏசினாள்.

"ஒரு படத்திலையாவது ஒரு சுருக்கத்தை விட்டிருக்கலாமே அம்மா!"

"நானோ விடேல்லை? ஸ்ரூடியோ ஐறீன்தான் விடேல்லை."

"அப்பாவும் அப்பாதான். விண்ணப்பப் போமிலை சில படங்கள் எண்டுதான் கேட்டவை. பதினாலையும் கொண்டுபோய் வைச்சிருக்கிறார்."

"உன்ர கொப்பர் நில அளவைக் கந்தோரிலை இருபது வருஷம் இருந்தவர். ஒரு கடுதாசியை மிச்சம் விடமாட்டார்."

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்த பிறகு அவர்கள் மூவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு உறவுக்காரர் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். அடுத்த தை மாதம் நாகேந்திரம் கனடாவுக்குப் போனார். ஆவணியில் கலியாண நாள் வந்தது. ஒரு படம் எடுத்து அனுப்பும் என்று எழுதியிருந்தார். அந்தத் தெருவிலேயே ஐறீன் என்ற அம்மாள் ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தாள். படம் எடுப்பவள் பெண் என்பதால் பத்மாவதி கூச்சமில்லாமல் போனாள். ஏழு மாதம் அழுத கண்களின் கீழே இரண்டு கறுப்பு வளையம் இருந்தது. ஐறீன் நெகற்றிவில் பென்சிலால் தொட்டு அதை எடுத்துவிட்டாள்.

"படம் கிடைத்தது. நீர் அப்படியே இருக்கிறீர்" என்று நாகேந்திரத்திடமிருந்து கடிதம் வந்தது.

வினை அங்கேதான் தொடங்கியது. அப்படியே இருக்கிறவள் அடுத்த வருஷம் வேறுமாதிரி இருக்க முடியுமா? ஐறீனுக்கு ஒரு முறை இருந்தது. போன வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து இந்த வருஷ நெகற்றிவைத் திருத்துவாள். இரண்டும் ஒன்றானால்தான் பென்சிலைக் கீழே வைப்பாள். பத்மாவதி வெள்ளவத்தைக்கு மாறின பிறகும் ஆவணி பிறந்தால் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். முகத்தை ஐறீன் பார்த்துக்கொண்டாள். மற்றதைச் சட்டை ஊசிகள் பார்த்துக்கொண்டன. அறுபத்தாறில் தைத்த கூறைச் சட்டை பின்பக்கம் பூட்ட மறுத்தது. எண்பத்துநாலில் ஒரு ஊசி குத்தினார்கள். தொண்ணூற்றேழில் ஏழு ஊசியும் ஒரு துண்டு நாடாவும். படம் முன்னாலிருந்துதானே எடுப்பது.

ஒவ்வொரு வருஷமும் அதே பதில் வந்தது. நீர் அப்படியே இருக்கிறீர். அவர் தன் படங்களும் அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரு காருக்குப் பின்னால் நின்றார். கார் பெரிதாகத் தெரிந்தது, அவர் ஒரு தொப்பியாகத் தெரிந்தார். மனிசன் வசதியைக் காட்டுகிறார் என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போக மட்டக்குளி பஸ் எடுத்தாள். வழியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அவளுடைய அட்டையில் முப்பத்தொரு வயசுப் படம். பொலிஸ்காரி அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், இது நீங்களா என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஒயாத மே?"

"ஔ மிஸ். மம தமய்" என்றாள் பத்மாவதி. இரண்டு நாளில் இரண்டாவது தடவையாக, நான்தான் நான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பொலிஸ்காரி விட்டுவிட்டாள். விசாக்காரியைவிட இவள் எவ்வளவோ மேல்.

ஸ்ரூடியோவில் ஐறீன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"என்னா மிஸிஸ் நாகேந்திரம், ஆவணி இன்னும் வரல்லயே?"

பத்மாவதி விஷயத்தைச் சொன்னாள். ஐறீன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே. அப்ப என் வேல அவ்வளவு நல்லா இருந்திச்சு."

"நல்லாயிருந்தபடியாத்தான் விசா தரமாட்டினமாம். அந்தப் பழைய நெகற்றிவ் எல்லாம் கிடக்குதோ?"

"கெடக்காம? ஆனா அதுல முழுக்க என் பென்சில்தான் இருக்கு. டேர்பன்டைன் போட்டுக் கழுவினா பென்சில் போகும். பென்சில் போனா..." ஐறீன் கையை முகத்துக்கு முன்னால் வட்டமாக ஆட்டினாள். "எல்லாம் திரும்பி வரும்."

"வரட்டும்."

"மெதுவா யோசிங்க. நா ஒண்ணு சொல்றேன். பாதி கழுவுவோம், பாதி விடுவோம். விசாக்காரிக்கும் நம்பிக்க வரும், உங்க ஐயாவும் பயப்பட மாட்டாரு. வருசத்துக்கு ஒரு சுருக்கம். அளவா, கண்ணியமா."

பத்மாவதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அளவான சுருக்கம் எவ்வளவு நல்ல விஷயம். ஆனால் ஆறு மாதத்தில் ரொறன்ரோ விமான நிலையத்தில் வண்டில் தள்ளிக்கொண்டு இந்தக் கழுத்தோடும் இந்தக் கையோடும் அவள் வெளியே வர வேண்டும். அங்கே ஐறீன் பென்சிலோடு நிற்கமாட்டாள்.

"முழுக்கக் கழுவுங்கோ" என்றாள். "வேண்டாமெண்டால் அவர் இப்பவே சொல்லட்டும். அங்கை போய் நிண்டாப்பிறகு சொன்னால் நான் எந்த பஸ்ஸிலை திரும்பி வாறது?"

இரண்டு பேருமாக இருட்டறைக்குள் போனார்கள். ஐறீன் பஞ்சை நனைத்து ஒவ்வொரு நெகற்றிவாகத் துடைத்தாள். தன் கையால் தன் கழுத்தை நெரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு துடைத்தாள். பிறகு படங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் கறுத்து வந்தன. எண்பத்துநாலின் கறுப்பு வளையம் வந்தது. எண்பத்தெட்டில் கன்னத்து எலும்பு வந்தது. தொண்ணூற்றொன்றில் வாய் உள்ளே போயிருந்தது. கழுத்தின் கோடுகள் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாமல் வந்தன. தொண்ணூற்றாறில் தலை வெள்ளையாக வந்தது.

"கை மட்டும் ஏன் மெல்லிசாய்க் கிடக்குது?"

"அது பென்சில் இல்ல, கத்தி. தொங்குற சதைய நெகற்றிவுலயே சீவிட்டேன். சீவினத ஒட்ட ஏலாது." ஐறீன் குற்றவாளிபோல நின்றாள். "ஒங்களுக்கு அத ஒரு பரிசா வச்சுக்கங்க."

கொடியில் பதினான்கும் வரிசையாகத் தொங்கின. ஐறீன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்தாள். திரும்பி நடந்தாள்.

"நா இந்த மூஞ்சிய ஒரு நாளும் ஒழுங்காப் பாக்கல்ல, மிஸிஸ் நாகேந்திரம். எங்க அழிக்கணும்னு மட்டும்தான் பாத்தேன்."

பத்மாவதி தொண்ணூற்றாறுக்கு முன்னால் நின்றாள். யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து, தங்கச்சி குடும்பம் எங்கே என்று மூன்று மாதம் தெரியாமல் இருந்ததற்கு அடுத்த ஆவணி அது. "இதிலை நான் பரவாயில்லை" என்றாள். "வெள்ளைத் தலை எனக்குப் பொருந்துது. இதை ஏன் படத்திலை மை தொட்டுக் கறுப்பாக்கினனீங்கள்?"

புதிய படத்துக்கு அவள் கூறையைக் கொண்டுவரவில்லை. வீட்டில் உடுக்கும் பருத்திச் சேலையும், தானாகப் பூட்டுகிற சட்டையும், மூக்குக்கண்ணாடியும். ஐறீன் பழக்கத்தில், "தாடையைத் தூக்குங்க, கழுத்து மறையட்டும்" என்றாள்.

"தூக்கமாட்டன். எடுங்கோ."

படம் எடுத்தாள். அன்று பின்னேரம்வரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கை துருதுருக்க, அந்த நெகற்றிவுக்குப் பக்கத்தில் போகாமல் இருந்தாள்.

பதினைந்து படங்களும் ரொறன்ரோவுக்குப் போயின.

நாகேந்திரம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரெலிபோன் எடுப்பார். ஏழு என்றால் ஏழுதான். படங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஞாயிறு, பத்மாவதி ஆறரைக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். எதிர்முனையில் முகம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஏழு அடித்தது. எட்டு அடித்தது. கௌரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"லைன் கிடைக்கேல்லைப்போலை அம்மா."

"பதினாலு வருஷம் கிடைச்ச லைன்."

அடுத்த ஞாயிறும் அப்படி. மூன்றாவது ஞாயிறு கௌரி பொறுக்காமல் தானே எடுத்தாள். நாகேந்திரத்தின் குரல் கேட்டது. "மகள், நான் இப்ப கதைக்கேலாது. வைக்கிறன்." வைத்துவிட்டார்.

பத்மாவதி எழுந்து போய் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கி, கீழே தொங்குவதை விரலால் தட்டிப் பார்த்தாள். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

"கௌரி, அந்தாள் பயந்துபோச்சு."

"சும்மா இருங்கோம்மா. அப்பாவுக்கு என்ன, கண்ணாடி வீட்டிலை இல்லையோ?"

"ஆம்பிளையள் கண்ணாடியிலை தலைமயிரை மட்டும்தான் பாப்பினம்."

அன்றே ஐறீனும் ரெலிபோனில் பேசினாள். "நெகற்றிவ் இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு, மிஸிஸ் நாகேந்திரம். ஒரு வார்த்த சொல்லுங்க. பழையபடி பென்சில் போட்டு, கழுவினது பிழையாப் போச்சுன்னு நானே எழுதித் தாறேன்."

"வேண்டாம்" என்றாள் பத்மாவதி. "போன முகம் போனதுதான்."

ஆறாவது வாரம் விசா அலுவலகம் கூப்பிட்டது. அதே அறை, அதே மேசை, அதே பெண். கையில் ஒரு தடித்த கடித உறை. அது ரொறன்ரோவிலிருந்து நேரே அங்கு வந்திருந்தது. பத்மாவதி அதன்மேல் இருந்த கையெழுத்தை அடையாளம் கண்டாள். நில அளவைக் கந்தோர்க் கையெழுத்து, ஒரு எழுத்தும் கோட்டைத் தாண்டாது. வேண்டாம் என்பதையும் இவர் இதே வடிவான எழுத்தில்தான் எழுதுவார்.

வெள்ளைக்காரப் பெண் முதல் படத்தைத் திருப்பினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தானே வாசித்தாள். கீழே தமிழில் பொடி எழுத்து. அதை விரலால் தொட்டுக் காட்டி, தில்லைநாதனிடம் படத்தை நீட்டினாள். ஒரு எழுத்தும் விடாமல் வாசிக்க வேண்டுமாம்.

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். "மேற்படி படத்தில் காணப்படுபவர் எனது மனைவி பத்மாவதி என உறுதிப்படுத்துகிறேன். அது இங்கிலீசிலை. தமிழிலை..." கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "கண் வீங்கி இருக்கிறது. நீர் அழுதிருக்கிறீர். அந்தக் கடிதத்தில் எனக்குத் தேர்த்திருவிழாவைப் பற்றி எழுதினீர்."

பத்மாவதி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

தில்லைநாதன் ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளைக்காரப் பெண் அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றிலும் அந்த மேற்படி வரி இருந்தது. சிலவற்றில் அது மட்டும்தான். எண்பத்தெட்டில் இன்னும் இருந்தது.

"ஆள் பாதியாகி இருக்கிறீர். என்ன வருத்தம்? எனக்கு யாரும் அறிவிக்கவில்லை." தில்லைநாதன் நிமிர்ந்தார். "என்ன வருத்தமெண்டு இவவும் கேக்கிறா."

"நெருப்புக் காய்ச்சல். அவர் அங்கை அகதிக் கேஸ் நடத்திக்கொண்டிருந்தவர். எழுதி என்ன செய்யிறது?"

தொண்ணூற்றொன்று. "பல்லுக் கழற்றியதை நீர் எழுதவில்லை. நானும் கழற்றினேன். நானும் எழுதவில்லை."

வெள்ளைக்காரப் பெண் பேனையைக் கீழே வைத்தாள்.

தொண்ணூற்றுமூன்று. "மூக்கில் கண்ணாடித் தழும்பு தெரிகிறது. என் கடிதங்களைக் கண்ணாடி போட்டா வாசிக்கிறீர்? சொல்லியிருந்தால் பெரிதாக எழுதியிருப்பேன்."

தொண்ணூற்றுநாலு. "நான் ஏன் காருக்குப் பின்னால் நின்று படம் எடுத்தேன் என்று இப்போது உமக்கு விளங்கும். அதில் ஒரு காரும் என்னுடையதில்லை. வண்டி மட்டும் என்னுடையது."

தில்லைநாதன் இந்த வண்டி வயிறு என்று விளக்குவதற்குத் தன் வயிற்றையே தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

தொண்ணூற்றாறில், "வெள்ளைத் தலை. வடிவாக இருக்கிறது" என்று மட்டும் இருந்தது. தொண்ணூற்றேழைப் பார்த்ததும் தில்லைநாதன் தயங்கினார்.

"வாசியுங்கோ" என்றாள் பத்மாவதி.

"கை மட்டும் எண்பத்துநாலிலேயே நிற்கிறது. அது எப்படி?"

வெள்ளைக்காரப் பெண்ணும் அதையேதான் கேட்டாள். பத்மாவதிக்கு ஐறீனையும் கத்தியையும் விளக்கப் பொறுமை இருக்கவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு வலது கையை நேரே நீட்டினாள். இடது கையால் கீழே ஒரு தட்டுத் தட்டினாள். அது ஆடியது. மூன்று பேரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் கை எண்டு எழுதச் சொல்லுங்கோ" என்றாள்.

வெள்ளைக்காரப் பெண் உண்மையாகவே எழுதினாள்.

"ஒண்டு கேக்கட்டோ? எல்லாம் எழுதின மனிசன் ஏன் ஆறு கிழமையாய் என்னோடை கதைக்கேல்லை?"

தில்லைநாதன் கேட்டு, பதிலைக் கேட்டு, சிரிப்பை அடக்கினார். "அவருக்கு எழுதின கடிதத்திலை, பதில் வந்து சேரும்வரைக்கும் இதைப்பற்றி விண்ணப்பகாரியோடை கதைக்கக்கூடாது எண்டு ஒரு வசனம் இருந்ததாம். படத்தைப்பற்றிக் கதைக்க வேண்டாமெண்டுதானாம் சொன்னவை. ஒண்டுமே கதைக்க வேண்டாமெண்டு சொல்லேல்லையாம்."

"அது அவருக்கு விளங்காது" என்றாள் பத்மாவதி. "சட்டமெண்டால் அந்தாளுக்குச் சட்டம்தான்." கண்ணாடியைக் கழற்றி, தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டாள்.

மேசையில் ஒரு படம்தான் மிஞ்சியிருந்தது. பருத்திச் சேலை, கண்ணாடி, தூக்காத தாடை. வெள்ளைக்காரப் பெண் அதைத் திருப்பினாள். இதில் மேற்படி இல்லை. ஆங்கிலமும் இல்லை. ஒரேயொரு வரி, கோட்டைத் தாண்டிச் சாய்ந்த எழுத்தில், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

தில்லைநாதன் வாசித்தார். "இவவைத்தான் நான் கூப்பிட்டது."

ஆங்கிலத்தில் சொல்லும்போது அவருடைய குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது. வெள்ளைக்காரப் பெண் கோப்பை இழுத்து, ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கடவுச்சீட்டை வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டாம். பிறகு படங்களை ஒன்றாகச் சேர்த்து உறைக்குள் போடத் தொடங்கினாள்.

"அதுகளைத் தரமாட்டாவோ?"

"கோப்பிலை இருக்கவேணுமாம் அம்மா. தரேலாதாம்."

பத்மாவதி எழுந்தாள். கதவுவரை போனாள். திரும்பி வந்தாள்.

"அப்ப அந்தக் கடைசிப் படத்தின்ர பின்பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ."

"வாசிச்சனான்தானே அம்மா."

"ஓம். திருப்பி."